கொக்கி போட்ட எழுத்தையும் அச்சடித்துத் தந்த பிரஸ்

திருகோணமலையில் நூறு பிரதிக்கு உட்பட்ட சின்னப் புத்தகம் ஒன்று அடிக்க வேண்டுமென்றால், கோப்பைக் கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய வீதியிலிருந்து டச்சுக் குடாப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பழைய பிரஸ் ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப் பெயரே தெரியாது. விசாரித்தாலும் யாரும் பெயர் சொல்லமாட்டார்கள், "வாசலில மான் நிக்கும், அந்தக் கடைதான்" என்பார்கள். மான் நிற்பதற்குக் காரணம் கட்டிங் மெஷினில் விழும் காகித விளிம்பு. கோட்டை மான்கள் டவுனுக்குள் வந்து கண்ட காகிதத்தையும் தின்பது எங்கள் ஊர்க்காரருக்குப் புதிதில்லை. அதனால் முதலாளி கழிவுச் சாக்கை இறுக்கிக் கட்டித்தான் வெளியில் வைக்கிறார்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூல் தையல் பைண்டிங்குக்கு ஐந்துக்கு ஐந்து. தமிழல்லாத எழுத்தோடு மல்லுக்கட்டும் பொறுமைக்கு நாலரை. அட்டையின் வண்ணத்துக்கு இரண்டு. சொன்ன நேரத்துக்கு வேலை முடிப்பதற்கு ஒன்றரை, அதுவும் இரக்கப்பட்டுத்தான். ஏன் இப்படி என்பதைச் சொல்ல வேண்டுமானால், நான் என்ன அடிக்கக் கொண்டுபோனேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த பிரஸ் பிழைப்பதே கலியாணக் காட்டாலும், செத்தவர் நினைவாக அடிக்கிற அந்தியேட்டிக் கல்வெட்டாலும்தான். நான் கொண்டுபோனது லித்துவேனியர் தங்களை ஒரு மக்களாக உணர்ந்து எழும்பிய கதை. எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக எழுதியது, 64 பக்கம், கையடக்க அளவு. நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. உயர்தர வகுப்புக்கு ஜெர்மனி, இத்தாலி ஐக்கியத்தைப் படிப்பித்துப் படிப்பித்து பிஸ்மார்க்கும் கரிபால்டியும் அலுத்துப்போனார்கள். அந்த நேரத்தில் தம்பியின் மகன் பொறியியல் படிக்க லித்துவேனியாவின் கௌனாஸ் நகரத்துக்குப் போனான். அங்குள்ள இராணுவ அருங்காட்சியகத் தோட்டத்தில் எடுத்த ஒரு சிலையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். முதுகில் மூட்டையோடு முன்னால் சாய்ந்து நடக்கிற ஆள். "மாமி, இந்த ஆள் கடத்தல்காரன். கடத்தினது புத்தகம்" என்று கீழே எழுதியிருந்தான். அது போதும், பிடித்துக்கொண்டது.

லித்துவேனியாவின் விழிப்பில் பிஸ்மார்க் மாதிரி ஒருவரும் இல்லை. படையும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் அச்சுக்கூடம், இந்தப் பக்கம் வாசிக்கத் தெரிந்த குடியானவர், இடையில் இரவில் நடக்கிற ஆட்கள். பெரிய தலைவர்களின் வரலாறாக இதைச் சொன்னால் ருசிக்காது. தாள், மை, தையல், சுமை என்று சொன்னால்தான் விளங்கும். அதனாலோ என்னவோ, இந்தப் புத்தகத்துக்கு முதல் நல்ல வாசகர்கள் பிரஸ்ஸுக்குள்ளேயே கிடைத்தார்கள்.

சிக்கல் முதல் புரூஃபிலேயே வந்தது. எங்கள் பக்கத்துப் பிரஸ்களில் பாமினி எழுத்துருவின் ஆட்சி இன்னும் முடியவில்லை. நாம் யுனிகோடில் கொடுப்பதை அவர்கள் பாமினிக்கு மாற்றித்தான் பக்கம் கட்டுவார்கள். தமிழ் மட்டும் என்றால் ஒரு குறையும் வராது. ஆனால் பாமினியில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருப்பது ஆங்கில எழுத்துகளின் ஆசனத்தில். ஆகவே இடையில் வருகிற லத்தீன் எழுத்தெல்லாம் கண்டபடி தமிழாகிவிடும். நான் பெயர்களைத் தமிழில் எழுதிவிட்டு, முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் லித்துவேனிய எழுத்திலும் கொடுத்திருந்தேன். ஔஷ்ரா என்ற பத்திரிகையின் பெயர் புரூஃபில் "யுர" என்று தொடங்கி, நடுவில் ஒரு வெறுங்கட்டம் விழுந்து, "சய" என்று முடிந்திருந்தது. அதைத் தொடக்கிய பசனாவிச்சியுஸின் பெயர் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

முன்னதாக விலை கேட்கப்போன இன்னோர் இடத்தில் "அந்த இங்கிலீசை எடுத்துவிடுங்கோ, சுகமாப் போயிடும்" என்றார்கள். இங்கு பக்கம் கட்டுகிற பிள்ளை, சாம்பல்தீவிலிருந்து ஸ்கூட்டியில் வருபவர், கேட்டது வேறு.

"டீச்சர், எஸ்ஸுக்குத் தலையில கொக்கி போட்டிருக்கு. கொக்கி இல்லாமப் போட்டா என்ன பிழை?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் பாதிப் புத்தகம் முடிந்துவிடும். சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே தட்டினார்.

1795இல் போலந்து-லித்துவேனிய அரசைப் பக்கத்து வல்லரசுகள் மூன்றாம் தடவையாகப் பிய்த்தபோது லித்துவேனியாவின் பெரும்பகுதி ரஷ்யப் பேரரசுக்குள் போனது. 1831இல் கிளர்ச்சி, அடுத்த ஆண்டே வில்னியஸ் பல்கலைக்கழகத்துக்குப் பூட்டு. 1863இல் மறுபடி கிளர்ச்சி. அதை அடக்க வந்த ஆளுநர் முரவியோவ் தூக்குமரத்தோடு நிற்கவில்லை, எழுத்திலும் கைவைத்தார். 1864இல் லத்தீன் எழுத்தில் லித்துவேனிய அரிச்சுவடி அச்சிடத் தடை. அடுத்த ஆண்டு உள்துறை அமைச்சர் வலுயெவ் அதை எல்லாப் புத்தகங்களுக்கும் விரித்தார். மொழியையே தடுத்துவிட்டார்கள் என்று சிலர் சுருக்கிச் சொல்வது சரியில்லை. லித்துவேனியம் பேசலாம், அச்சிடவும் செய்யலாம். ஆனால் ரஷ்ய எழுத்தில்தான். பிள்ளை தன் தாய்மொழியை ரஷ்ய எழுத்தில் படித்து வளர்ந்தால் மெல்ல மெல்ல ரஷ்யனாகிவிடும் என்பது கணக்கு. அரசு செலவிலேயே அப்படிப் புத்தகங்கள் வந்தன. வாங்க ஆளில்லை. 1904 வரை, 40 வருஷம், இந்தத் தடை நின்றது.

சரி, கொக்கி எங்கே வந்தது? ரஷ்ய அரசு ஒரு பக்கம் என்றால் மற்றப் பக்கம் போலந்து மொழி. பெரிய வளவுக்காரரும் பாதிரிமாரில் பலரும் பேசியது அதைத்தான். படித்தவன் போலந்து பேசுவான், லித்துவேனியம் மாட்டுப்பட்டியில் பேசுகிற பாஷை என்பது ஒருவரும் எழுதிவைக்காத சட்டம். "ஷ" ஓசையை எழுதுவதுகூடப் போலந்து முறையில், எஸ்ஸையும் இசட்டையும் சேர்த்துத்தான். விழிப்பின் ஆட்கள் அதிலிருந்து விலகுவதற்காகச் செக் மொழியின் கொக்கியை எடுத்துத் தங்கள் எழுத்தின் தலையில் வைத்தார்கள். பிறகு மொழியறிஞர் யோனாஸ் யப்லோன்ஸ்கிஸ் 1901இல் இலக்கணம் எழுதி எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். எகரத்தின் மேல் ஒற்றைப் புள்ளி வைக்கும் எழுத்து மட்டும் பழையது. அது 1653இல் டானியேல் கிளைன் எழுதிய இலக்கணத்திலேயே இருக்கிறது. கொக்கியை எடுத்துவிட்டால், அவர்கள் யாரிடமிருந்து பிரிந்து வந்தார்களோ அவர்களிடமே திருப்பிக் கொண்டுபோய் விட்டதாகிவிடும்.

பிள்ளை தலையாட்டினார். அப்புறம் நான் கொடுத்த முதல் இதழின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதில கொக்கி இல்லையே டீச்சர், ரெண்டு எழுத்தெல்லோ கிடக்கு" என்றார். உண்மைதான். 1883இல் வந்த ஔஷ்ராவின் முகப்பில் பெயர் பழைய முறையில்தான் அச்சாகியிருக்கிறது. விடியல் என்று பெயர் வைத்த பத்திரிகைக்கே புது எழுத்து பிந்தித்தான் வந்து சேர்ந்தது. படத்துக்குக் கீழே ஒரு வரி விளக்கம் சேர்த்தோம். அந்த வரி பிள்ளையின் உபயம்.

கடைசியில் பாமினியைக் கைவிட்டு முழுப் புத்தகத்தையும் யுனிகோட் எழுத்துருவில் மறுபடி கட்டினார். பழைய பேஜ்மேக்கரில் யுனிகோட் தமிழின் கொம்பும் காலும் இடம்மாறி விழும் என்பதால் வேர்டிலேயே செய்தார். பக்க அழகு கொஞ்சம் குறைவுதான், சில வரிகளில் சொற்களுக்கு இடையே வெளி அதிகம். ஆனால் ஒரு கொக்கியும் தவறவில்லை. இதற்கு மேலதிகக் காசும் கேட்கவில்லை. எழுத்தில் பிழை வந்தால் தன் பிழை என்று நினைக்கிற ஆட்கள் இந்தத் தொழிலில் அருகிவிட்டார்கள், அதனால்தான் இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

பதிப்பு விவரப் பக்கத்துக்கு முதலாளியே வந்து உட்கார்ந்தார். அச்சிட்டவர், இடம், ஆண்டு இல்லாமல் அவர் ஒரு நோட்டீசும் அடிக்கமாட்டார். அந்த விஷயத்தில் சரியான கறார். அவருக்கு நான் தடைக்காலத்துப் புத்தகங்களின் முதல் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லைக்கு அப்பால், ஜெர்மன்காரரின் பிரஷ்யாவுக்குள் இருந்த தில்சித், ராக்னித் நகரங்களில் லித்துவேனியப் புத்தகம் அச்சடிப்பது குற்றமில்லை. முதல் லித்துவேனியப் புத்தகமே 1547இல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க்கில்தான் அச்சானது. ஆகவே ஜெபப் புத்தகங்களை அங்கே அடித்துக் கொண்டுவந்தார்கள். ஆனால் பல பிரதிகளில் இடம் வில்னியஸ் என்றும், அச்சகம் அங்கிருந்த சவாட்ஸ்கி என்றும், ஆண்டு தடைக்கு முந்தியது என்றும் போட்டிருக்கும். பழைய புத்தகம் வைத்திருப்பவனைப் பிடிக்க முடியாதல்லவா?

முதலாளி மேசையில் தட்டிச் சிரித்தார். "அப்ப எங்கட தொழிலில பொய் சொன்னதுக்கும் புண்ணியம் கிடைச்சிருக்கு" என்றார். பிறகு என் புத்தகத்தின் ஆண்டை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தார்.

அந்த வேலையைத் தொடக்கிவைத்தவர் ஓர் ஆயர் என்றதும் அவருக்கு இன்னும் ஆச்சரியம். மோதியெயுஸ் வலன்ச்சியுஸ், மேற்கு லித்துவேனியாவிலுள்ள சமோகீதியாவின் ஆயர். அதற்கு முன் 1858இல் மதுவிலக்கு இயக்கம் தொடங்கிக் குடியானவரை ஊர் ஊராகச் சேர்த்துப் பழகியவர். தடை வந்ததும் பிரஷ்யாவில் அச்சடிப்பிக்கவும் எல்லை கடத்தவும் ஆட்களை ஏற்பாடு செய்தார். எல்லையில் காவல், உள்ளூரில் சோதனை. பிடிபட்டால் புத்தகம் நெருப்புக்கு, ஆள் சிறைக்கு அல்லது சைபீரியாவுக்கு. இவர்களுக்கு லித்துவேனியத்தில் புத்தகம் சுமப்பவர் என்றே பெயர். குடியானவர், பாதிரியார், மாணவர், சரக்கோடு சரக்காகக் கொண்டுவந்த யூத வியாபாரிகள் என்று பலதரப்பட்டவர்கள். யுர்கிஸ் பியெலினிஸை அவர்களின் அரசன் என்று சொல்வார்கள். பல பத்தாண்டுகள் பொலிசுக்குத் தண்ணி காட்டியவர், நாடு சுதந்திரப் பிரகடனம் செய்வதற்குச் சில வாரங்கள் இருக்க, 1918 ஜனவரியில் செத்துப்போனார். வந்த புத்தகத்தை வாசிக்கப் பழக்கியது வீட்டுப் பள்ளி. தாய் நூல் நூற்றுக்கொண்டே பக்கத்தில் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதைப் பேத்ராஸ் ரிம்ஷா 1906இல் சிற்பமாகச் செய்திருக்கிறார். இராட்டை நிற்கவில்லை, பாடமும் நிற்கவில்லை. என் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அதுதான்.

தண்ணீருக்கு அப்பால் அச்சாகி ஊருக்கு வரும் புத்தகம் எங்களுக்கும் பழக்கமானதே. திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் "மோகனாங்கி", தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவது, 1895இல் சென்னையில்தான் அச்சானது. பிரஷ்யாவில் லித்துவேனியப் பத்திரிகைகள் மும்முரமாக அச்சாகிக்கொண்டிருந்த அதே காலம். ஆனால் சரவணமுத்துப்பிள்ளையின் புத்தகத்தை யாரும் இருட்டில் சுமக்க வேண்டியிருக்கவில்லை. ஒப்புமையை அதற்குமேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை. வாசிப்பு வட்டத்தில் சிலர் இழுத்தார்கள், அது அவர்கள் பாடு.

இனி பைண்டிங். இந்தக் கடைக்குப் போவதற்கு முதல் காரணமே இதுதான். கிண்ணியாவிலிருந்து வரும் நானா ஒருவர் பின்பக்க விறாந்தையில் உட்கார்ந்து கையால் தைக்கிறார். முதலாளி முதலில் கம் பைண்டிங்தான் சொன்னார், விலை குறைவு, வேலை சுருக்கு. நானா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்: "டீச்சர், கம் எண்டா ஒரு கச்சான் காத்துக்குத் தாங்காது. தச்சுத் தாறன்." அவர் சொன்னது நூறு வீதம் உண்மை. கச்சான் அடிக்கிற மாதங்களில் என் வீட்டு அலுமாரியில் எத்தனையோ கம் புத்தகங்கள் முதுகு வெடித்துப் பக்கம் பக்கமாகக் கையோடு வந்திருக்கின்றன.

தாள்களை நாலு நாலாக ஒன்றுக்குள் ஒன்று மடித்து வைத்தால் 16 பக்கக் கட்டு. அப்படி நாலு கட்டு. மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தால் ஒரே இழுவை, பிறகு குத்தூசியால் துளை. மெழுகு தேய்த்த நூலை உள்ளே விட்டு வெளியே எடுத்து அடுத்த கட்டோடு சங்கிலி போட்டு இறுக்குகிறார். முதுகுக்கு வலைத்துணி ஒட்டி, பாரம் வைத்து ஓர் இரவு விடுகிறார். விளைவு, புத்தகத்தை மேசையில் விரித்துவைத்தால் கை எடுத்தபின்னும் விரிந்தபடியே கிடக்கிறது. வாசித்துக்கொண்டு குறிப்பெழுதுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தைத்துக்கொண்டே புத்தகச் சுமை பற்றி விசாரித்தார் நானா. சொன்னதும், கிண்ணியாப் பாலம் 2009இல் வருமுன் பாதை என்கிற படகில் ஏறித் துறை கடந்து கட்டிய கொப்பிகளைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோன காலத்தை அவர் எடுத்தார். சாவடியில் பொதியைப் பிரித்து ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட வேண்டுமாம். "ஒண்டும் எழுதாத கொப்பி டீச்சர், அதையும் விரிச்சுப் பாத்தாங்கள்." வேறொன்றும் சொல்லாமல் நூலைக் கடித்து அறுத்தார்.

தையல் என்பதால் பக்கக் கணக்கில் விளையாட முடியாது. என் எழுத்து 64ஐத் தாண்டி ஓடியது. இன்னொரு கட்டுச் சேர்த்தால் செலவு ஏறும். எதை வெட்டுவது? லித்துவேனியாவின் மத்தியகாலப் பெருமைகளை, கோமகன்களையும் 1410ஆம் ஆண்டு வெற்றியையும், முதலில் வெட்டினேன். விழிப்புக்காலத்து எழுத்தாளர்களுக்கு அவை உயிர். எனக்கு எந்த நாட்டின் பழம்பெருமையும் இரண்டு பக்கத்துக்குமேல் கொட்டாவி தரும்.

வின்சாஸ் குடிர்காவை வெட்ட மனம் வரவில்லை. மருத்துவர், நையாண்டி எழுத்தாளர், பாட்டுக்காரர். பள்ளிக்கூட நாட்களில் லித்துவேனியன் என்று சொல்லவே கூசி, போலந்துக்காரனாகத் தன்னைக் காட்டிக்கொண்டவர். ஔஷ்ராவின் முதல் இதழைக் கையில் எடுத்தபோது வெட்கத்தில் அழுததை அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்த இதழைத் தொடக்கியவர் யோனாஸ் பசனாவிச்சியுஸ், இவரும் மருத்துவர், அப்போது பிராக் நகரில் இருந்தார். பிறகு பல்கேரியாவில் வைத்தியம் பார்த்துக்கொண்டே நாட்டார் கதைகளும் பாடல்களும் சேர்த்தார். ஔஷ்ரா 1886இல் நின்றுபோனது. 1889இல் குடிர்கா குழுவினர் வர்பாஸ் தொடங்கினார்கள், மணி என்று பொருள். அதில் 1898இல் அவர் வெளியிட்ட பாட்டுத்தான் இன்று நாட்டின் தேசிய கீதம். அடுத்த ஆண்டே, 41 வயது நிறையுமுன், காசநோயில் போய்விட்டார். தடை நீங்கியதைக்கூடக் காணவில்லை.

இவர்கள் இரண்டு பேருமே நேமன் ஆற்றுக்குத் தெற்கே, ஒரே வட்டாரத்துக் குடியானவர் பிள்ளைகள். அங்கு 1807இலேயே பண்ணையடிமை முறை ஒழிந்துவிட்டது, மற்ற இடங்களில் 1861 வரை காத்திருந்தார்கள். கையில் நாலு காசு புழங்கியதால் பிள்ளைகளை மரியாம்போலே பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. விழிப்புக்கு இலட்சியம் மட்டும் போதாது, பள்ளிக்கூடக் கட்டணமும் வேண்டும்.

பக்கம் கட்டிய பிள்ளைக்குப் பிடித்தது செமைத்தே. சிற்றுயர்குடியில் பிறந்து, பண்ணையடிமையாக இருந்த ஒருவரைக் கட்டி, தோட்டமும் மாடும் பிள்ளைகளுமாக வேலை செய்து, ஐம்பதை நெருங்கும்போது 1894இல் முதல் கதை அச்சில் கண்ட எழுத்தாளர். அந்தப் பக்கத்தை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று தனியாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். காசை நான் முதலாளியிடம் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை.

வெட்டாமல் வைத்த இன்னொரு பக்கம் வில்னியஸ் பற்றியது. 1897 குடிசன மதிப்பீட்டில் அந்த நகரத்தவரில் நூற்றுக்கு 40 பேர் யூதர், 31 பேர் போலந்து மொழிக்காரர், லித்துவேனியம் பேசியவர்கள் வெறும் 2 பேர். ஆனாலும் விழிப்பின் கண்ணுக்கு அது தங்கள் தலைநகரம். தடை நீங்கியதும் பேத்ராஸ் விலெய்ஷிஸ் 1904இல் நாளிதழ் தொடங்கியதும் அங்கே, 1905 டிசம்பரில் ஏறத்தாழ 2,000 பிரதிநிதிகள் கூடி சுயாட்சி கேட்டதும் அங்கே, 1918 பெப்ரவரி 16இல் இருபது பேர் கையெழுத்திட்டுச் சுதந்திரம் அறிவித்ததும் அங்கே. இரண்டு வருஷத்தில் போலந்து நகரத்தைப் பிடித்துக்கொண்டது, 1939 வரை விடவில்லை. ஒருவருக்கு விழிப்பாக இருப்பது பக்கத்து வீட்டுக்காரருக்கு என்னவாகத் தெரியும் என்ற கேள்வி அந்தப் பக்கத்தில் இருக்கிறது. திருகோணமலையில் இருந்துகொண்டு அதை விட்டுவிட்டு எழுத முடியுமா? வாசிப்பு வட்டத்தில் மூன்று சமூகத்தாரும் இருக்கிறோம், அதிக நேரம் வாதாடியது இதில்தான்.

1988இல் சோவியத் ஆட்சிக்கு எதிராக எழுந்த சாயூதிஸ் இயக்கம், 1989 ஆகஸ்ட் 23இல் வில்னியஸிலிருந்து எஸ்தோனியாவின் தாலின் வரை மூன்று நாட்டு மக்கள் கைகோத்து நின்ற மனிதச் சங்கிலி, 1990 மார்ச் 11இல் மீண்டும் சுதந்திரப் பிரகடனம், எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டன. அது தொலைக்காட்சியில் பார்த்த கதை, தேடுகிறவர்களுக்கு எங்கும் கிடைக்கும். 1918 பிரகடனத்தின் மூலப் பத்திரம் பல காலம் காணாமல் இருந்து 2017இல் பெர்லின் ஆவணக் காப்பகத்தில் கௌனாஸ் பேராசிரியர் ஒருவர் கையில் அகப்பட்டதற்கு மட்டும் ஒரு பெட்டிச் செய்தி போட்டேன். ஆவணம் என்றால் எனக்குப் பலவீனம்.

இப்போது குறைகள். அட்டைப்படத்துக்குக் கௌனாஸ் சிலையின் படத்தைக் கொடுத்தேன். பின்னால் பனி, சாம்பல் வானம். அச்சில் பனி மஞ்சளடித்து எங்கள் நிலாவெளி மணல் போல வந்துவிட்டது. பிரிண்டரில் மை ஒழுங்காக்க வேண்டும் என்று பிள்ளை ஒப்புக்கொண்டார், முதலாளி "நல்லாத்தானே இருக்கு" என்றார். மறு அச்சு தந்தார்கள், மஞ்சள் குறைந்தது, போகவில்லை. வண்ண அட்டைதான் முக்கியம் என்றால் அட்டையை மட்டும் வேறிடத்தில் அடித்துக் கொண்டுபோய்க் கொடுங்கள், நானா சேர்த்துக் கட்டித் தருவார், முகம் சுளிக்கமாட்டார்கள்.

உள்ளே வரைபடமும் சரியாக வரவில்லை. பிரஷ்ய எல்லைக்கோட்டை மெல்லிய சாம்பல் நிறத்தில் போட்டிருந்தேன், கறுப்பு வெள்ளை அச்சில் அது மறைந்து தில்சித்தும் கௌனாஸும் ஒரே நாடாகிவிட்டன. கடத்தல் கதை முழுக்க அந்தக் கோட்டில்தான் தொங்குகிறது. கோட்டைத் தடிப்பாக்கி மறுபடி எடுத்தோம். வரைபடம், அட்டவணை உள்ளவர்கள் கட்டாயம் அச்சிட்ட புரூஃப் கேளுங்கள். திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள்.

நேரம் பற்றி முதலாளி சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். "வாற கிழமை" என்றால் அதற்கடுத்த கிழமை. இடையில் யாராவது காலமானால் உங்கள் வேலை தானாகப் பின்னுக்குப் போகும், அந்தியேட்டிக் கல்வெட்டுக்குத் திகதி மாறாது. வெளியீட்டு விழா வைத்திருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள். தொலைபேசியில் கேட்டால் எல்லாம் முடிந்தது என்பார், நேரில் போனால்தான் தாள் இன்னும் மடிபடவில்லை என்று தெரியும்.

விலை நியாயம். தையலோடு, மேட் லேமினேட் அட்டையோடு, 80 ஜிஎஸ்எம் தாளில் ஒரு பிரதி நானூறு ரூபாய்க்குச் சற்று மேலே வந்தது. கம் பைண்டிங் என்றால் ஐம்பது அறுபது குறையும். அந்த அறுபதை மிச்சம்பிடிக்காதீர்கள். பாதிப் பணம் முன்பணம், மீதி எடுக்கும்போது. பற்றுச்சீட்டுக் கேட்டால்தான் தருவார்கள்.

கோப்பை யுனிகோடில், வேர்டாகவும் பிடிஎஃபாகவும் இரண்டாகக் கொடுங்கள். பாமினிக்கு மாற்ற வேண்டாம் என்று பிள்ளையிடமே நேரில் சொல்லுங்கள், முதலாளியிடம் சொன்னால் வழியில் தவறிவிடும். வெள்ளி மத்தியானம் நானா தொழுகைக்குப் போய்விட்டால் அன்று திரும்பிவருவது நிச்சயமில்லை, தையல் வேலைக்கு வியாழனுக்குள் போங்கள். ஒழுங்கைக்குள் முச்சக்கரவண்டி போகும், கார் போகாது. புத்தகக் கட்டை எடுத்துவரும்போது மூடிய பையில் கொண்டுவாருங்கள், வாசலில் நிற்கிற மான் ஆள் பார்த்துத் தின்பதில்லை.